ஒரே கேள்விக்கு மூன்று கார்டு

அந்த இயர்ஃபோனைக் காதில் மாட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள். இந்த பஸ் உடுமலையில் நிற்கும்தானே? நிற்கும். நல்லது. கண்டக்டரைக் கேட்டேன், "உக்காருங்கம்மா" என்றார். நான் கேட்டதற்கு அதுவா பதில்?

நீங்கள் எதுவரைக்கும்? பழனியா. அப்படியென்றால் நேரம் இருக்கிறது. எனக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் இந்த பஸ்ஸில் வாந்தி வரும். பேசினால் வராது. அதனால் இதை ஒரு உதவி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டுக்குப் போகிறேன். வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. சிரிக்காதீர்கள். ஊர் தெரியும், வீடு தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. "வராதே" என்றாள், போகவில்லை. ஏன் வராதே என்றாள் என்றால், வீட்டு முன்பக்கத்து ஃபோட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தாள். கிளிப்பச்சையும் கத்தரிப்பூ கலரும். நான் "ஃபேன்சி ஸ்டோர் எப்போ திறக்கறே?" என்று கேட்டேன். ஒரே வரி. பதினோரு பேர் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அந்தப் பதினோரு பேரோடு அவள் சண்டை போடவில்லை. என்னோடு மட்டும்தான்.

அது கிடக்கட்டும். அதைச் சொல்ல வரவில்லை நான்.

எனக்கு டாரட் கார்டு எடுத்துப் பலன் பார்க்கத் தெரியும். முகத்தை அப்படிச் சுளிக்காதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சுளித்தேன். கான்வென்டில் பன்னிரண்டு வருடம் படித்தவள். கிளி ஜோசியக்காரரைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போவேன். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோது "இதெல்லாம் மூட நம்பிக்கை" என்று அப்பாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் பிழைத்தேன். அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டாவது வயதில், மும்பையில் இருக்கிற பெரின் மேடம் என்பவரிடம், சனிக்கிழமை சனிக்கிழமையாக எட்டு வாரம், ஃபோனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு டாரட் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேளுங்கள். பையன் பெங்களூர் போய்விட்டான், வீட்டுக்காரர் டிவி முன்னால் போய்விட்டார். வேறென்ன காரணம் வேண்டும்? இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள், சர்டிஃபிகேட்டும் கொடுத்தார்கள். இங்கிலீஷும் சர்டிஃபிகேட்டும் இருந்தால் அது மூட நம்பிக்கை இல்லை என்று நினைக்கிற ஆள் நான்.

எழுபத்தெட்டு கார்டு. கார்டுக்கு அர்த்தம் படிப்பது பெரிய விஷயம் இல்லை, மனப்பாடம்தான், அது எனக்கு வரும். எடுப்பதில்தான் இருக்கிறது எல்லாம். எத்தனை விதமாக எடுக்கலாம் தெரியுமா? கட்டைக் கலைத்து, இடது கையால் மூன்றாகப் பிரித்து வைத்து, எந்தக் கட்டு கூப்பிடுகிறதோ அதன் மேல் கார்டை எடுப்பது ஒன்று. எனக்கு மூன்றும் கூப்பிடும். எல்லோரும் என்னைக் கூப்பிடுவதாகவே நினைக்கிற சுபாவம்.

அடுத்தது, துணி விரித்து அதன் மேல் எல்லாக் கார்டையும் விசிறி மாதிரிப் பரப்பி, உள்ளங்கையை மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டு போவது. எந்தக் கார்டுக்கு மேலே கை சூடாகிறதோ, அது. பெரின் மேடம் சொன்னபோது கேட்க அழகாக இருந்தது. என் வயதை யோசித்துப் பாருங்கள். எனக்கு எல்லாக் கார்டும் சூடுதான். கார்டு மட்டுமா, சுவர், தலையணை, வீட்டுக்காரர், எல்லாம் சூடு. சரி என்று ஃபேனைப் போட்டால் கார்டு பறக்கிறது.

பறக்கிற கார்டுக்கும் கணக்கு உண்டு. கலைக்கும்போது தானாகக் கட்டிலிருந்து துள்ளி விழுகிற கார்டு ரொம்ப முக்கியமாம். நாம் எடுக்காமல் அதுவாக வந்தது, அதனால் அதுதான் உண்மை பேசும். என் கட்டு புதுசு, வழவழவென்று இருக்கும், என் கையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை. ஒரு தடவை கலைத்தால் எட்டு உண்மை விழும்.

இன்னும் இருக்கிறது, எண்ணிக்கை சொல்லி எடுப்பது, கட்டின் அடிக் கார்டைத் திருப்புவது. போதும், உங்களுக்குக் கொட்டாவி வருகிறது.

எங்கள் அபார்ட்மென்டில் நான் பிரபலம். பி பிளாக் பிரபாவதிதான் ஆள் பிடித்துக்கொண்டு வருவாள். தனக்கு ஒன்றும் கேட்க மாட்டாள், ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்பாள். நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். பேர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். பேர் தெரிந்தால் நம் மனசு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும், கார்டு பின்னால் நிற்கும். இது பெரின் மேடம் சொன்னது. கேள்வியை பிரபா எனக்கு டைப் செய்து அனுப்புவாள், நான் கார்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் பதிலைப் பேசி அனுப்புவேன். எனக்கு டைப் செய்யப் பொறுமை கிடையாது. நான் பேசினதை அவள் அப்படியே கேட்டவர்களுக்கு அனுப்பிவிடுவாள்.

பத்து நாள் முன்னால் ஒரு கேள்வி வந்தது. வரிக்கு வரி சொல்கிறேன். மனப்பாடம் வரும் என்றேனே.

"என்னைவிடப் பெரியவங்க ஒருத்தங்க. மூணு வருஷமா பேச்சு இல்லை. நான் பேச ஆரம்பிச்சா அவங்களே முடிச்சு வெப்பாங்க, அதையும் தப்பா முடிச்சு வெப்பாங்க. ஆனா சின்ன வயசுல எனக்கு எல்லாமே அவங்கதான். இப்ப எனக்கு ஒரு முக்கியமான காரியம் வருது. அதுக்கு முன்னாடி நான் ஃபோன் பண்ணலாமா? பண்ணினா பேசுவாங்களா?"

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, உங்களுக்குப் புரிந்துவிட்டது. பத்து நிமிடமாகத்தான் என்னை உங்களுக்குத் தெரியும். என்னை எனக்கு ஐம்பத்திரண்டு வருடமாகத் தெரியும், எனக்குப் புரியவில்லை. ஓரகத்தி சமாசாரம் என்று முடிவு செய்துவிட்டேன். சின்ன வயசு என்கிற வரி இருக்கிறதே என்கிறீர்களா? படித்தேன். அதற்கு முந்தின வரியிலேயே அந்தப் பொம்பளை மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது, அப்புறம் எங்கே மீதியைப் படிப்பது? அடுத்தவர் பேச்சைப் பாதியில் பிடுங்குகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் பிடுங்க மாட்டேன். எங்கள் சிஸ்டர்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டால் ஸ்கேலால் அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் யாராவது பாதியில் நின்றால் நான் முடித்துக் கொடுப்பேன். அது வேறு.

கார்டு எடுத்தேன். முதலில் மூன்று கட்டாகப் பிரித்து. என்ன வந்தது தெரியுமா? இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் கோப்பையை நீட்டுகிற கார்டு. டாரட் தெரியாத குழந்தைகூடச் சொல்லும், சேர்ந்துகொள்ளுங்கள் என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பொம்பளையோடு எதற்குச் சேர வேண்டும்? சரியாகக் கலைக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, துணி விரித்துப் பரப்பினேன். கையை நகர்த்தினேன். ஒரு கார்டின் மேல் நன்றாகச் சூடு தெரிந்தது. திருப்பினால், ஒரு வீட்டு வாசலில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பூ வைத்த கோப்பை கொடுக்கிற கார்டு. ஒன்றாக வளர்ந்தவர்களின் கார்டு அது.

கார்டு இதைவிட என்ன செய்யும், சொல்லுங்கள். வாய் இருந்தால் "அடி இந்து, நீதான்டி அது" என்று கத்தியிருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் கார்டு நகர்ந்திருக்கும், இது செல்லாது என்று தள்ளினேன்.

கிளி ஜோசியக்காரரின் கிளி என்ன செய்யும்? வெளியே வரும், ஒரு சீட்டை எடுக்கும், நெல்லைக் கொத்தும், கூண்டுக்குள் போய்விடும். பிடிக்கவில்லை என்று இன்னொரு சீட்டு எடுக்காது. அந்தக் கிளிக்கு இருக்கிற ஒழுக்கம் எனக்கு இல்லை.

மூன்றாவது தடவை கலைத்தேன், ஒன்று துள்ளி விழுந்தது. வாள் ராணி. சிம்மாசனத்தில் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள், ஒரு கையில் வாளை நிமிர்த்திப் பிடித்திருப்பாள். அப்பாடா என்று இருந்தது. இதைத்தானே நானும் நினைத்தேன். பிரபா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த ராணி உங்க ஜாடையா இருக்காங்க" என்றாள். மூக்கைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த ராணி இன்னொரு கையை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பாள். "வா, வந்து சொல்லு" என்று கூப்பிடுகிற கை அது என்று எங்களுக்கு ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அது "கிட்ட வராதே" என்கிற கையாகத் தெரிந்தது.

பேசி அனுப்பினேன். நாலு நிமிடம். அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் நான் நல்லவள் மாதிரி ஆகிவிடும். "இங்கே பாருங்கம்மா, இந்த மாதிரி ஆளுங்க திருந்த மாட்டாங்க. மூணு வருஷமா ஒரு ஃபோன் பண்ணாதவங்களுக்கு நீங்க ஒரு பொருட்டே இல்லை. உங்க காரியத்தை அவங்க இல்லாமலே பாருங்க. அவங்க இல்லாம உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது." இது ஒரு நிமிடம்தான் வரும். மீதி மூன்று நிமிடம் அந்தப் பொம்பளையின் குணத்தைப் பற்றி. அவ்வளவு பொருத்தமாகச் சொன்னேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளோடு கூடவே வாழ்ந்த மாதிரி வந்தது வார்த்தை.

மறுநாள் பிரபா வந்தாள். "மேடம், அவங்க இன்னொரு தடவை எடுத்துப் பார்க்க முடியுமான்னு கேக்கறாங்க." நான் சொன்னேன், "ஒரே கேள்விக்கு ரெண்டு தடவை எடுக்கக் கூடாது பிரபா, கார்டுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கு." மூன்று தடவை எடுத்தவள் சொன்னேன்.

கிணத்துக்கடவு வந்துவிட்டதா? கொஞ்சம் ஜன்னலைத் திறங்கள், எனக்கு வேர்க்கிறது. உங்களுக்குக் குளிர்கிறதா? சரி, பாதி திறங்கள்.

இன்றைக்குக் காலையில் லிஃப்டில் பிரபா. "பாவம் மேடம், அந்த உடுமலைக்காரங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கறாங்க. ஏதோ கட்டியாம், எடுத்த பிறகு டெஸ்டுக்கு அனுப்பணும்னு சொல்லியிருக்காங்களாம். வீட்டுக்காரர் மஸ்கட்ல, லீவு கிடைக்கலை. தனியாத்தான் போறாங்க சாருக்கா."

எந்த சாருக்கா என்று கேட்டேன். என் தங்கையும் சாருதான்.

"சாருமதிக்கா. எங்க அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு." அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் திறந்தாள். திறந்தால் முழுசாகத் திறக்கிற வாய் அது. "உங்ககிட்ட பேரைச் சொல்ல வேண்டாம்னாங்க மேடம். சொல்லவே தேவையில்லைன்னாங்க. 'எங்க அக்கா கான்வென்ட்ல படிச்சவ, ரெண்டாவது வரியிலயே கண்டுபிடிச்சுருவா. நேரா ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டா, எடுத்தாலும் பேச விட மாட்டா. இப்படிக் கேட்டாத்தான் முழுசா கேப்பா'ன்னாங்க. நீங்க கண்டுபிடிச்சுட்டுத்தான் அப்படிப் பதில் சொல்றீங்கன்னு நான் பேசாம இருந்துட்டேன். அக்கா தங்கச்சிக்குள்ள நான் எப்படி வர்றது?"

புரிகிறதா உங்களுக்கு? அவள் என் குரலில் கேட்டிருக்கிறாள், நாலு நிமிடம். திருந்த மாட்டாங்க, நீங்க ஒரு பொருட்டே இல்லை, அவங்க இல்லாமலே பாருங்க. அக்கா தெரிந்தே சொல்கிறாள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறாள். அதற்கு அப்புறமும் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நான் கார்டுக்கு மரியாதை கொடுத்தேன்.

இப்போது நான் போய் அவளிடம் என்ன சொல்ல வேண்டும்? எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: அது நான் என்று எனக்குத் தெரியவில்லை. இதை அவள் நம்ப வேண்டுமென்றால் நான் ஒரு மக்கு என்று அவள் நம்ப வேண்டும். நாற்பது வருடமாக இதற்கு நேர்மாறாக அவளை நம்ப வைத்திருக்கிறேன். ஒரு பஸ் பயணத்தில் எப்படி மாற்றுவது?

போகலாமா வேண்டாமா என்று காலையில் கார்டு எடுத்தேன். ஆமாம், அதற்கும் எடுத்தேன். அப்படித் தலையில் கை வைக்காதீர்கள். ஐந்து விதமாகவும் எடுத்தேன். போ என்றது ஒன்று, பொறு என்றது ஒன்று, ஒன்று தலைகீழாக வந்தது, இரண்டு சேர்ந்து விழுந்தன. வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். கனகசபை என்று பேர், பேசவே மாட்டார். "இந்து, உனக்குப் போகணுமா?" என்றார். போகணும் என்றேன். "அப்ப போ" என்றார். முப்பது வருடத்தில் அந்த மனுஷன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. கார் எடுக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் அவரைத் திட்டிக்கொண்டே போய்விடுவேன், என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் இருக்காது. இப்போது உங்களோடு பேசிக்கொண்டே வந்துவிட்டேன், இன்னும் யோசிக்கவில்லை.

என்ன? ஃபோன் பண்ணினேனா என்றா? இல்லை. பண்ணினால் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் என்னைப் பேச விட மாட்டாள். ஆமாம், அவளும் என்னைப் பற்றி அதையேதான் சொன்னாள், தெரியும், நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டாம்.

வீடு தெரியாமல் எங்கே போய் இறங்குவேன் என்கிறீர்கள். நியாயம். பிரபாவிடம் கேட்டிருக்கலாம், லிஃப்டில் அது தோன்றவில்லை. கிளிப்பச்சை வீடு என்று ஆட்டோக்காரரிடம் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதுதான் அடையாளம் என்று அவளுக்குத் தெரிந்தால் அதற்கு இன்னொரு மூன்று வருடம் பேச மாட்டாள்.

பொள்ளாச்சி தாண்டட்டும், அவளுக்கே ஃபோன் போட்டுக் கேட்கிறேன். தாண்டியாயிற்றா? எப்போது?

சரி. போடுகிறேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பாருங்கள்.

கேட்டீர்கள்தானே? நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். என் பக்கத்தைத்தான் கேட்டிருப்பீர்கள். அவள் பக்கத்தையும் சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன் இருங்கள். தூசி. நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தீர்கள்.

"சொல்லுங்க" என்றாள். என்னை. சொல்லுங்களாம். பேங்க்கிலிருந்து பேசுகிறவர்களிடம் பேசுகிற மாதிரி. நான் தயார் செய்து வைத்த எல்லாம் மறந்துவிட்டது. "உன் வீடு எங்கேடி இருக்கு?" என்றேன். அதைத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "எதுக்கு?" என்றாள். நான் சொன்னேன், "சாரு, அந்தக் கேள்வியில இருந்தது நான்னு எனக்குத் தெரியலைடி. யாரோ ஒரு திமிர் பிடிச்ச பொம்பளைன்னு நினைச்சுட்டேன்."

"நிஜமாவா தெரியலை?" என்றாள். நிஜமாகத் தெரியவில்லை. "ரெண்டாவது வரியிலகூடவா?" கடைசி வரி வரைக்கும் தெரியவில்லை என்றேன். "உன்னை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. அவ மட்டும் என் கையில கிடைச்சா ரெண்டு அறை விடணும்னு தோணுச்சுடி" என்றேன். அப்போதுதான் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவள், அதைக்கூட எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது, பேசாமல் இருந்தேன். ஒரு நிமிடம் இருந்திருப்பேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அப்போது நான் பேசவில்லை.

அப்புறம் பேசினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வராதே, அதற்கு முன்னால் ரயில்வே கேட் பக்கம் இறங்கு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். ஆபரேஷனை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறாளாம். நான் ஆரம்பித்தேன், நிறுத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்களாம். உறவினர் கையெழுத்து என்று ஒரு இடம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறாளாம். "நீதான் போடணும்" என்றாள்.

"ஏன்டி, நான் அவ்வளவு பேசி அனுப்பின பிறகுமா காலியா விட்டு வெச்சே?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீ சொல்லி நான் எதைக்கா கேட்டிருக்கேன்?"

பாருங்கள் திமிரை. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், நான் இறங்க வேண்டும்.